திரவப் படிகத்தில் நானோத்துகளைக் கலப்பது எப்படி: உப்புக் காற்றடிக்கும் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், நங்கூரம் போட்ட படகுகள் எல்லாம் ஒரே பக்கமாக அணியத்தை, அதாவது முன்முனையை, வைத்து நிற்பது தெரியும். அவை வரிசையாக நிற்பதில்லை. இடைவெளியிலும் ஒழுங்கு இல்லை. திசை மட்டும் ஒன்று. வாடைக் காற்றில் ஒரு திசை, கச்சானில் வேறு திசை. நெமாட்டிக் திரவப் படிகத்தை மாணவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. கோல் போன்ற மூலக்கூறுகள் நீர் போல ஓடும், இடம் மாறும், ஆனால் சராசரியாக ஒரே திசையைப் பார்க்கும். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே அணியம், பின்புறம் என்ற பேதம் இல்லை. பாதி மூலக்கூறுகள் தலைகீழாக நின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தப் படகுக் கூட்டத்துக்குள் ஒரு வலை மிதவையைப் போட்டால் எந்தப் படகும் திரும்பாது. ஒரு பெரிய மிதவை மேடையை இழுத்துவந்து நிறுத்தினால் சுற்றியுள்ள படகுகள் அதை அனுசரித்து வளைந்து நிற்கும். நானோத்துகளைத் திரவப் படிகத்தில் கலக்கும் வேலையின் இயற்பியல் முழுவதும் இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

ராமநாதபுரம் கரையோரத்தில் முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியன் நான். குளிர்நாட்டு ஆய்வகங்களில் எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே இங்கே பின்பற்றிப் பல மாதிரிகளைப் பாழாக்கியிருக்கிறோம். துகள்கள் பிரிந்து நிற்பது குலுக்குவதால் வருவதில்லை, துகளின் மேற்பரப்பால் வருகிறது. அந்த மேற்பரப்பைக் கெடுக்க இந்தக் கரையில் வெப்பம், ஈரம், உப்பு என மூன்று எதிரிகள் எந்நேரமும் காத்திருக்கின்றன. இந்த வழிகாட்டியை எழுத அதுவே காரணம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

துகள் சுற்றியுள்ள மூலக்கூறுகளை வளைத்தால், அந்த வளைவுக்கு ஒரு மீள்விசை ஆற்றல் செலவாகிறது. திரவப் படிகத்தின் மீள்மாறிலி ஏறக்குறைய 10 பிக்கோநியூட்டன். அதைத் துகளின் ஆரத்தால் பெருக்கினால் ஆற்றலின் அளவு கிடைக்கும். ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்றால், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்துக்குரிய ஆற்றலைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். 10 நானோமீட்டர் என்றால் இருபத்தைந்து மடங்கு அளவில்தான். பெரிய துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி வளைவைப் பங்கிட்டுக்கொண்டு செலவைக் குறைக்கப் பார்க்கும், அதனால் சங்கிலி கோக்கும். நெமாட்டிக்கில் விடப்பட்ட நீர்த்துளிகள் இப்படிச் சங்கிலியாவதை புலான், ஸ்டார்க், லூபென்ஸ்கி, வைட்ஸ் ஆகியோர் 1997இல் காட்டினார்கள்.

அந்த இருபத்தைந்து மடங்கும் மேற்பரப்பு மூலக்கூறுகளை இறுகப் பிடித்தால்தான். துகளின் பரப்பு தன்னைத் தொடும் மூலக்கூறுகளை ஒரு திசையில் பிடித்து நிறுத்துவதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரும் நங்கூரமிடல்தான். மீள்மாறிலியை நங்கூரப் பிடிப்பின் வலிமையால் வகுத்தால் ஒரு நீளம் வரும். நடுத்தரப் பிடிப்புக்கு அது 1 மைக்ரோமீட்டர், வலுவான பிடிப்புக்கு 100 நானோமீட்டர். துகள் இந்த நீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் மூலக்கூறுகள் அதைக் கண்டுகொள்ளாது. அது வலை மிதவை. ஆகவே தொடக்கக்காரர்களுக்கு என் பரிந்துரை 20 நானோமீட்டருக்குக் குறைவான விட்டம். 100 நானோமீட்டர் துகளோடு தொடங்கி மனமுடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய துகளிலும் ஒரு பொறி இருக்கிறது: பரப்பளவு. 20 நானோமீட்டர் சிலிக்கா 1 மில்லிகிராமில் சுமார் 120 லட்சம் கோடி துகள்கள் இருக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய இரண்டரை ஏ4 தாள். அந்த 1 மில்லிகிராமை 1 கிராம் திரவப் படிகத்தில் சீராகப் பரப்பினால் இரு துகள்களுக்கு இடையே சராசரியாக 200 நானோமீட்டர், அதாவது துகளின் விட்டத்தைப்போலப் பத்து மடங்கு இடைவெளி. 0.1 சதவீதம் என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே நெரிசல் அதிகம். 0.05 சதவீதத்தில் தொடங்குங்கள். 1 சதவீதத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை எல்லா மாணவருக்கும் வரும். 0.05 சதவீதக் கலவை ஒரு மாதம் தெளிவாக நிற்காத ஆய்வகத்தில் 1 சதவீதம் நிற்க வழியே இல்லை.

எந்தத் திரவப் படிகம்?

ஜார்ஜ் கிரேயும் அவருடைய குழுவும் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1973இல் வெளியிட்ட சயனோபைஃபீனைல் குடும்பத்தில் 5சிபி மிகவும் அறியப்பட்டது. ஏறக்குறைய 24 டிகிரி செல்சியசில் உருகி நெமாட்டிக் ஆகிறது, 35 டிகிரியில் திசை ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவமாகிறது. இந்த ஒழுங்கற்ற நிலைக்கு ஐசோட்ரோபிக் என்று பெயர். அந்த ஊருக்கு இது அருமையான அறை வெப்பநிலைப் பொருள். நமக்கு 35 டிகிரி என்பது மே மாத மதியம்.

ஒரு மே மாதம் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாணவர் ஒருவர் குப்பியோடு ஓடிவந்தார். "துகளைப் போட்டதும் கலங்கல் போய்விட்டது ஐயா, திரவப் படிகமே அழிந்துவிட்டது" என்றார். நெமாட்டிக் நிலையில் பால் போலக் கலங்கித் தெரிய வேண்டிய மாதிரி கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. துகள் கலக்காத 5சிபி குப்பியை எடுத்துப் பார்த்தேன். அதுவும் தெளிந்திருந்தது. சுவரிலிருந்த வெப்பமானி 36 காட்டியது. அன்றிலிருந்து எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நேரத்தோடு அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் எழுதப்படுகின்றன.

குளிர்சாதனம் நிலையாக ஓடாத ஆய்வகம் என்றால் இ7 என்ற திரவப் படிகக் கலவையை வாங்குங்கள். அது 58 டிகிரிக்கு அருகில் வரை நெமாட்டிக்காக நிற்கும். அது பல மூலக்கூறுகளின் கலவை என்பதால் வெற்றிடத்தில் அதிக நேரம் சூடாக்கினால் இலேசான கூறுகள் வெளியேறி, கலவையின் குணம் மாறிவிடும். 5சிபி ஒற்றைப் பொருள், கணக்கு சுத்தமாக இருக்கும். அடிப்படை ஆய்வுக்கு நான் இன்னும் அதையே விரும்புகிறேன், ஆனால் குளிர்சாதனத்தை 20 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காலையில் குப்பியில் வெள்ளைப் படிகம் உறைந்திருக்கும், உறையும் படிகம் துகள்களை ஓரத்துக்குத் தள்ளிக் கட்டியாக்கிவிடும். 27 டிகிரி போதும்.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

பாதிக்கு மேற்பட்ட நேரம் இங்கே செலவாக வேண்டும். அம்மணமான சிலிக்கா நீரை விரும்பும் பரப்பு, 5சிபி எண்ணெய்த் தன்மையுள்ள திரவம். இரண்டும் ஒட்டாது, துகள்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். நீண்ட கார்பன் வாலுள்ள மூலக்கூறுகளால் துகளுக்கு ஒரு சட்டை போட வேண்டும். தங்கத்துக்கு டோடெகேன்தயால், இரும்பு ஆக்சைடுக்கும் பேரியம் டைட்டனேட்டுக்கும் ஒலெயிக் அமிலம், சிலிக்காவுக்கு ஆக்டாடெசில் டிரைமெத்தாக்சி சிலேன். திரவப் படிக மூலக்கூறு போன்ற அமைப்பையே வாலில் கட்டிய சட்டைகள் இன்னும் சிறந்தவை, ஆனால் அவற்றை நீங்களே தொகுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு சிலேன்? ஒரு சதுர நானோமீட்டருக்கு மூன்று மூலக்கூறு என்று வைத்துக்கொண்டால், 20 நானோமீட்டர் சிலிக்கா 100 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 28 மில்லிகிராம் தேவை. எல்லாம் ஒட்டாது என்பதால் மூன்று நான்கு மடங்கு போட்டு, டொலுவீனில் சில மணி நேரம் 60, 70 டிகிரியில் கலக்கி, மிச்சத்தை மையவிலக்கியில் மூன்று முறை கழுவி நீக்க வேண்டும். கழுவாமல் விட்ட சிலேன் திரவப் படிகத்தில் கரைந்து அதன் நிலைமாற்ற வெப்பநிலையைக் கீழே இழுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையை நாங்கள் செய்வதில்லை. சிலேனுக்கு ஒரு துளி ஈரம் வேண்டும். அதிக ஈரம் கிடைத்தால் துகளை விட்டுவிட்டுத் தன்னோடு தானே பிணைந்து வெள்ளைக் கட்டிகளாகும். வாடைக் காற்று வீசும் நாளில் மூடியைத் திறந்து வைத்த பாட்டிலுக்கு அதுவே போதும். டிரைகுளோரோ சிலேன்கள் இதைவிட அவசரக்காரர்கள், அவற்றை இந்தக் கரையில் தொடாமல் இருப்பது நல்லது. மழைக்காலத்திலும் செய்தே ஆக வேண்டும் என்றால், டொலுவீனை ஈரம் உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகளின் மேல் ஊறவைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் செய்யுங்கள்.

அடுத்த விதியை நான் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: சட்டை போட்ட துகளைப் பொடியாகக் காய விடாதே. காய்ந்த துகள்கள் தொட்டுக்கொண்டால், பிறகு எந்த மீயொலியும் அவற்றை முழுதாகப் பிரிக்காது. கரைப்பானில் ஈரமாகவே வைத்திருங்கள். அடர்த்தி தெரிய வேண்டும் என்றால் 1 மில்லிலிட்டரை மட்டும் எடைபோட்ட தட்டில் ஊற்றி உலர்த்தி நிறுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் கையிருப்பு வைத்தால் கணக்கு எளிது.

கலத்தல்

கண்ணாடிக் குப்பிகளை எதில் கழுவுகிறீர்கள்? எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. அதில் அலசிக் காயவைத்த குப்பியின் உட்புறம் வெள்ளைப் படலம் தெரியும். அது உப்பு, உப்பென்றால் அயனிகள், திரவப் படிகத்தின் மின்னளவீடுகளைக் கெடுக்க அவை போதும். கடைசி மூன்று அலசல் அயனி நீக்கிய நீரில், பிறகு அசிட்டோனில், பிறகு 120 டிகிரி அடுப்பில். உலர்ந்த குப்பியை மேசையில் வைக்காமல், ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் வையுங்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நூறாண்டுக்கு மேல் அரித்த அதே காற்றுதான் உங்கள் சன்னல் வழியாகவும் வருகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் அந்தக் காற்றுதான்.

கையிருப்புக் கரைசலை மீயொலித் தொட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். 0.05 சதவீதத்துக்கு அதில் 50 மைக்ரோலிட்டரை எடுத்து, 1 மில்லிலிட்டர் டொலுவீன் சேர்த்து நீர்த்து, 1 கிராம் 5சிபியில் ஊற்றுங்கள். மீண்டும் இருபது நிமிடம், இம்முறை தொட்டி நீரை 45 டிகிரியில் வைத்து. கம்பி முனையுள்ள மீயொலிக் கருவியை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. அதன் டைட்டானியம் முனை தேய்ந்து, உங்களுடையது அல்லாத துகள்களை உள்ளே உதிர்க்கும்.

பிறகு கரைப்பானை விரட்ட வேண்டும். 60 டிகிரி ஹாட் பிளேட்டில், மெதுவாகக் கலக்கியபடி, நைட்ரஜன் மேலே தவழ, முழு இரவு. அடுத்த நாள் வெற்றிட அடுப்பில். வெப்பம் ஏன்? திரவப் படிகம் ஐசோட்ரோபிக் நிலையில் இருந்தால்தான் துகள்கள் வளைவுச் செலவின்றித் தனித்தனியே நிற்கும். இங்கே இன்னொரு காரணமும் உண்டு. அசிட்டோன், குளோரோஃபார்ம் போன்றவை வேகமாக ஆவியாகும்போது குப்பி குளிர்கிறது. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளியாக இறங்கும். அந்த நீர் துகளைச் சுற்றி உறைபோட்டு, பக்கத்துத் துகளோடு பாலம் கட்டிவிடும். சூடாக வைத்தால் அது நடக்காது.

கரைப்பான் போய்விட்டதா என்பதை மூக்கு சொல்லாது, தராசு சொல்லும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குப்பியை டெசிக்கேட்டரில் ஆறவைத்து நிறுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.1 மில்லிகிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். சூடான குப்பியைத் தராசில் வைக்காதீர்கள், மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை நிலைமாற்ற வெப்பநிலை 35இலிருந்து 31க்கு இறங்கியது. துகள்களின் விளைவு என்று ஒரு வாரம் மகிழ்ந்து வரைபடங்கள் வரைந்தோம். பிறகு துகளே இல்லாமல், அதே அளவு டொலுவீனை மட்டும் ஊற்றி, அதே நேரம் ஆவியாக்கிய 5சிபியை அளந்தோம். அதுவும் 31. தங்கியிருந்த டொலுவீனைத்தான் அளந்துகொண்டிருந்தோம். இந்தத் துகளில்லாத இணை மாதிரி இல்லாமல் வரும் எந்த முடிவையும் நான் இப்போது கையெழுத்திட்டு அனுப்புவதில்லை.

குளிர்வித்தல், வேகமாக

இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மெதுவாகக் குளிர்வித்தால் நல்ல ஒழுங்கு வரும் என்பது தூய திரவப் படிகத்துக்குச் சரி. துகள் கலந்ததை மெதுவாகக் குளிர்வித்தால், முதலில் அங்கங்கே நெமாட்டிக் தீவுகள் தோன்றும். அவை துகள்களைத் தமக்குள் சேர்க்காமல், மீந்திருக்கும் ஐசோட்ரோபிக் பகுதிக்குத் தள்ளும். தீவுகள் வளர வளர அந்தப் பகுதி சுருங்கி, கடைசியில் துகள்கள் எல்லாம் வலைப்பின்னலாக நெருக்கப்படும். ஆகவே இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 10 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள கலத்தை 45 டிகிரியில் நிரப்பி, உடனே 25 டிகிரியிலுள்ள உலோகக் கட்டையின் மேல் வையுங்கள். சில நொடிகளில் முடிந்துவிட வேண்டும்.

இது கைவேலை நுணுக்கம் மட்டுமன்று. காந்தத் துகள்களைக் கலந்தால் திரவப் படிகமே காந்தத்துக்கு வலுவாக வசப்படும் என்று புரோஷாரும் டி ஜென்னும் 1970இல் கோட்பாடு எழுதினார்கள். முழுமையான காந்த நெமாட்டிக் 2013இல்தான் ஸ்லோவேனியாவில் மெர்டெல் குழுவின் கையில் வந்தது. தட்டு வடிவப் பேரியம் ஹெக்சாஃபெரைட் துகள்களுக்குப் பொருத்தமான சட்டை போட்டு, காந்தப்புலத்தில் வைத்து ஐசோட்ரோபிக்கிலிருந்து சட்டெனக் குளிர்வித்தார்கள். நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியை நிரப்பிய வேலையில் இந்தச் சட்டெனக் குளிர்விப்புக்கும் பங்கு உண்டு.

பிரிந்து நிற்கிறதா?

ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளித் துருவமாக்கிகளுக்கு இடையே நுண்ணோக்கியில் பாருங்கள். மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி லெசித்தின் பூசிய கலம் முழுக் கருப்பாகத் தெரியும். கட்டிகள் இருந்தால் அவற்றைச் சுற்றி நான்கு இதழ்ப் பூப்போல ஒளி விழும். ஆனால் சுத்தமான கருப்பைக் கண்டு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். ஒளி நுண்ணோக்கிக்கு 200 நானோமீட்டருக்குக் கீழே கண் தெரியாது. பத்துத் துகள் சேர்ந்த கட்டி அதற்குப் புலப்படாது.

தங்கத் துகள் என்றால் நிறமே சாட்சி. நீரில் 520 நானோமீட்டர் அருகே இருக்கும் உறிஞ்சல் முகடு, 5சிபியின் ஒளிவிலகல் அதிகம் என்பதால் சற்றுச் சிவப்புப் பக்கம் நகரும். அது இயல்பு. முகடு அகன்று, குப்பி ஊதாவாகவோ நீலமாகவோ மாறினால் துகள்கள் ஒட்டிவிட்டன. நிறமில்லாத துகளுக்கு, ஐசோட்ரோபிக் நிலையில் ஒளிச்சிதறல் முறையில் அளவைப் பார்க்கலாம். நெமாட்டிக்கில் அந்த அளவீடு செல்லாது, மூலக்கூறுகளின் திசை ஆட்டமே துகளை மூடும் அளவுக்கு ஒளியைச் சிதறடிக்கும்.

மின்சோதனையும் ஒன்று செய்யுங்கள். கண்ணாடிக்கு இணையாக ஒழுங்கமைந்த தூய 5சிபி கலத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தத்தை ஏற்றினால், 0.7 முதல் 0.8 வோல்ட்டுக்குள் மூலக்கூறுகள் எழத் தொடங்கும், கலத்தின் தடிமன் எதுவானாலும். தூய மாதிரியே இந்த எண்ணிலிருந்து நன்றாக விலகினால் துகளைக் குறை சொல்லாதீர்கள். குப்பியையும் விரல்களையும் சன்னலையும் சந்தேகியுங்கள்.

5சிபி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் நம் கரையின் சொந்தச் சரக்கு. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் முங்கி எடுக்கும் பெண்கள் சின்னப்பாலத்திலும் ஓலைக்குடாவிலும் இருக்கிறார்கள். அகார் கரைசலும், திரவப் படிகத்தைப் போலவே, உள்ளே ஓர் அமைப்புள்ள சிக்கல் திரவம்தான். 1 சதவீத அகாரை அயனி நீக்கிய நீரில் கொதிக்கவைத்து, 50 டிகிரிக்கு ஆறியதும் சிட்ரேட் பூசிய தங்கத் துகளைச் சேர்த்தால், இறுகும்போது ஒயின் சிவப்பு அப்படியே நிற்கும். அதையே ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்யுங்கள், நீலம் தலைகாட்டும். துகள்களை விலக்கிவைத்த மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடுகிறது. உப்பு ஒரு லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் இருக்கும்போது 10 நானோமீட்டர் வரை எட்டும் விலக்கல், கடல்நீரில் அரை நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும். வைகையில் வெள்ளம் வந்து ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும் ஆண்டுகளில், கலங்கிவந்த வண்டல் அங்கே திரண்டு படிவதும் இதனால்தான்.

கழிவு பற்றி ஒரு சொல். டொலுவீனும் துகள் கலவையும் தனிப் பாட்டிலில் சேர வேண்டும், தொட்டிக் குழாயில் ஊற்றவே கூடாது. நம் சாக்கடைக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

மாதிரிகளைப் பழுப்புக் குப்பியில், டெசிக்கேட்டருக்குள், தேதியிட்டு ஒரு மாதம் வையுங்கள். வாரம் ஒருமுறை அசைக்காமல் அடிப்பகுதியை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். படிவு தெரிந்தால் 45 டிகிரியில் பத்து நிமிடம் மீயொலி கொடுத்து, மறுபடி ஒரு கலத்தை நிரப்பிப் பாருங்கள். கட்டி கரைந்தால் அந்த மாதிரியை இன்னும் பயன்படுத்தலாம். கரையாவிட்டால் இன்னொரு மணி நேரம் மீயொலி கொடுப்பதில் பயனில்லை. அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு, துகளுக்கு மறுபடி சட்டை போடுவதிலிருந்து தொடங்குங்கள்.